டி.எல்.சி. கோட்டிங்: கரிக்கு அடியில் என்ன இருக்கிறது?

கோட்டிங் ஜாப் வொர்க் எடுக்கும் இடத்துக்கு ஒரு பஞ்ச் கருவியையோ (தகட்டைக் குத்தி வெட்டுவது) மோல்டின் கோர் பின்னையோ அனுப்பும்போது, டெலிவரி சலானில் "டி.எல்.சி., 2 மைக்ரான்" என்று ஒற்றை வரிதான் எழுதுகிறோம். டி.எல்.சி. என்பது டயமண்ட் லைக் கார்பன், அதாவது வைரம் போன்ற கரிப்படலம். திரும்பி வருவது கன்னங்கரேலென்று மின்னும் பாகம். கூடவே ஒரு சான்றிதழ், அதில் கடினத்தன்மை 2500 எச்.வி. (விக்கர்ஸ் கடின அளவு) என்று ஓர் எண். அந்த எண்ணோடு திருப்தி அடைந்தால் பணம் வீணாகப் பெரிதும் வாய்ப்பு உண்டு. டி.எல்.சி. உழைக்குமா, உரியுமா என்பது பெரும்பாலும் அந்தக் கறுப்புப் படலத்துக்குக் கீழேதான் முடிவாகிறது. இடைப்படலம் எது, எஃகு எவ்வளவு கடினம், அதை எந்த வெப்பத்தில் டெம்பர் செய்தார்கள் (கடினப்படுத்திய பின் மிதமாக மறுபடி சூடாக்குவது), கிரைண்டிங் எப்படி நடந்தது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களோடு பிணைந்திருக்கும். அது எஸ்பி3 பிணைப்பு. கிராஃபைட்டில் மூன்றோடு, அது எஸ்பி2. டி.எல்.சி.யில் இரண்டும் படிக ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கின்றன, பல வகைகளில் ஹைட்ரஜனும் சேர்ந்துகொள்கிறது. 1971இல் ஐசன்பெர்க், சாபோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அயனிக் கற்றையால் இப்படி ஒரு படலத்தை உருவாக்கி "வைரம் போன்றது" என்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அந்த ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று அதிகம் தொடர்பில்லாத சில பொருள்கள் விற்கப்படுகின்றன. ஜெர்மனியின் வி.டி.ஐ. 2840, பன்னாட்டு ஐ.எஸ்.ஓ. 20523 ஆகிய தரநிலைகள் இவற்றைப் பிரித்துப் பெயரிட்டுள்ளன. ஆர்டரில் அந்தப் பெயரை எழுதினால் பாதிச் சிக்கல் தீரும்.

டங்ஸ்டன் கலந்த வகை ஏ-சி:ஹெச்:டபிள்யூ (ஏ-சி என்பது படிக ஒழுங்கில்லாத கார்பன், ஹெச் ஹைட்ரஜன், டபிள்யூ டங்ஸ்டன்). சந்தையில் டபிள்யூ.சி./சி என்றும் சொல்வார்கள். ஓர்லிகான் பால்சர்ஸ் என்ற கோட்டிங் நிறுவனத்தின் பாலினிட் சி இந்த வகைதான். கடினத்தன்மை 10 முதல் 15 கிகாபாஸ்கல் (கடினத்தையும் தகைவையும் அளக்கும் அலகு). எண்ணளவில் இது மற்றவற்றுக்குப் பின்னால் நிற்கும். ஆனால் கியர், ரோலர், பம்ப் பாகம் போன்றவற்றுக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதைத்தான். உள்ளே தகைவு (படலத்துக்குள் தேங்கி நிற்கும் விசை) குறைவு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எண்ணெய் சற்று நேரம் வற்றினாலும் பல்லும் பல்லும் பிடித்துக்கொள்ள விடாது.

அடுத்தது ஏ-சி:ஹெச். "டி.எல்.சி." என்று மட்டும் எழுதி அனுப்பினால் வழக்கமாக வருவது இது. ஹைட்ரஜன் 20 முதல் 40 விழுக்காடு அணுக்கள், கடினத்தன்மை 20 முதல் 30 கிகாபாஸ்கல், யங் குணகம் (விறைப்பைக் காட்டும் எண்) 150 முதல் 250 கிகாபாஸ்கல். எஃகின் யங் குணகம் 210. அதாவது எஃகைவிட மூன்று மடங்கு கடினம், ஆனால் எஃகைப் போலவே மீள்கிறது. இந்தப் படலத்தின் உண்மையான பலம் இதுதான். கடினத்தன்மையை யங் குணகத்தால் வகுத்தால் கடினப்படுத்திய எஃகுக்கு 0.04 அளவில் வரும், ஏ-சி:ஹெச்சுக்கு 0.1ஐத் தாண்டும். அழுத்தினால் பள்ளம் விழாமல் ரப்பர்போல் திரும்ப எழும். தேய்மானம் குறைவதற்கு வெறும் கடினத்தைவிட இந்த விகிதமே பெரிய காரணம்.

டி-ஏ-சி என்பது ஹைட்ரஜன் இல்லாத, எஸ்பி3 மிகுந்த வகை. நல்ல படலத்தில் எஸ்பி3 80 விழுக்காட்டுக்கும் மேலே போகும், கடினத்தன்மை 40 முதல் 80 கிகாபாஸ்கல். ஆர்க் (மின்வில்) முறையில் கிராஃபைட்டை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள ஃப்ரான்ஹோஃபர் ஐ.டபிள்யூ.எஸ். ஆய்வு நிறுவனம் லேசர் தூண்டும் ஆர்க் முறையை வளர்த்தது. அலுமினியம் வெட்டும் கருவிக்கும், எண்ணெயோடு ஓடும் எஞ்சின் பாகத்துக்கும் இதற்கு ஈடு இல்லை. ஆனால் ஆர்க்கிலிருந்து கிராஃபைட் துகள்களும் தெறித்துப் படலத்தில் பதியும். வடிகட்டி இல்லாத எந்திரத்தில் செய்த படலத்தைத் தடவினால் சொரசொரக்கும். பாலிஷ் செய்யாமல் ஓட்டினால் எதிர்ப்பக்க உலோகத்தை அரம்போல் ராவிவிடும். வடிகட்டி இருந்தால் பரப்பு வழவழப்பாக வரும், படியும் வேகம் குறையும், விலை ஏறும். "பாலிஷ் விலையில் சேர்ந்ததா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சிலிக்கான் கலந்த வகை நான்காவது. ஈரக்காற்றிலும் உராய்வு குறைவு, வெப்பம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், கடினம் குறைவு. தேவை தெரிந்தவர்கள் கேட்டு வாங்கலாம்.

கறுப்பாக இருப்பதெல்லாம் டி.எல்.சி. அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். டைட்டானியம் கார்போநைட்ரைடு வகைகளிலும் அடர்ந்த சாம்பல் நிறம் வரும். ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பிணைப்பை அறியும் சோதனை) எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: 1350, 1550 அலை எண்களை ஒட்டி அகன்ற இரண்டு மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் தெரியும்.

இனி கோட்டிங் போடும் வெற்றிட அறையிலும் அதற்கு முன்பும் நடப்பது. பாகம் முதலில் காரக் கரைசலில் அல்ட்ராசோனிக் கழுவல், பிறகு அயனி நீக்கிய நீர், பிறகு சூடான காற்று. குருட்டுத் துளைக்குள் ஒளிந்திருக்கும் கட்டிங் ஆயில் இங்கே போகாவிட்டால், வெற்றிடத்தில் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தத் துளையின் வாயைச் சுற்றி ஒரு வளையம் ஒட்டாமல் உரியும். துத்தநாகமோ காட்மியமோ கலந்த பிரேசிங் உள்ள பாகத்தை அனுப்பவே கூடாது. அந்த உலோகங்கள் வெற்றிடத்தில் ஆவியாகி உங்கள் ஜாப்பை மட்டுமல்ல, அந்த பேட்ச் முழுவதையும் அறைச் சுவரையும் கெடுக்கும். காந்தம் ஏறிய பாகத்தில் எஃகுத் துகள் ஒட்டியிருக்கும், அதையும் நீக்க வேண்டும்.

காற்றை வெளியேற்றிச் சூடாக்கிய பின், ஆர்கான் அயனிகளால் பரப்பை மோதி ஆக்சைடு தோலை உரிக்கிறார்கள். அதன்மேல் குரோமியம், 0.1 முதல் 0.3 மைக்ரான். அதன்மேல் குரோமியம் நைட்ரைடு அல்லது டங்ஸ்டன் கார்பைடு. பிறகு அசிட்டிலீன் வாயுவைப் படிப்படியாகக் கூட்டி, உலோகம் குறைந்து கார்பன் பெருகும் ஒரு சரிவை உருவாக்குகிறார்கள். கடைசியாகத்தான் தூய ஏ-சி:ஹெச். இது மணிக்கு ஒரு மைக்ரான் அளவில் வளரும். எஃகின்மேல் கார்பனை நேரடியாகப் படியவைத்தால் ஒட்டாது. கார்பன் இரும்புக்குள் கரையும், இடையில் உறுதியான பிணைப்பு உருவாகாது. ஆகவே "உங்கள் இடைப்படலம் என்ன, எத்தனை மைக்ரான்?" என்ற கேள்விக்குப் பளிச்சென்று பதில் வராத இடத்தில் வேலை கொடுக்க வேண்டாம்.

பாகத்துக்குக் கொடுக்கும் எதிர்மின் அழுத்தம்தான் படலத்தின் தன்மையை வரையறுக்கிறது. அயனிகள் மெதுவாக வந்து விழுந்தால் பிளாஸ்டிக் போன்ற மென்மையான படலம் கிடைக்கும். மிக வேகமாக மோதினால் அந்த இடமே சூடாகிக் கிராஃபைட்டாகத் தளர்ந்துவிடும். ஒரு கார்பன் அணுவுக்கு 100 எலெக்ட்ரான்வோல்ட் (அணு அளவிலான ஆற்றல் அலகு) அளவில் எஸ்பி3 உச்சத்தைத் தொடும். அசிட்டிலீன் அயனியில் இரண்டு கார்பன் இருப்பதால் மோதும்போது ஆற்றல் இரண்டாகப் பங்காகும். வாயு அழுத்தம் கூடினால் வழியிலேயே மோதி வேகம் இழக்கும். எந்திரத் திரையில் தெரியும் வோல்ட்டும் அணு பெறும் ஆற்றலும் ஒன்றல்ல என்பதால், ஒரு எந்திரத்தின் ரெசிப்பியை இன்னொன்றில் அப்படியே ஓட்டினால் வேறு படலம்தான் வரும்.

பலர் கவனிக்காத ஒன்று அசிட்டிலீன் சிலிண்டர். அந்த வாயு உள்ளே அசிட்டோனில் கரைந்துதான் இருக்கிறது. சிலிண்டர் காலியாகக் காலியாக அசிட்டோன் ஆவி கூடுதலாகக் கலந்து வரும், அதோடு ஆக்சிஜனும் படலத்துக்குள் நுழையும். வெல்டிங்குக்கு இது பொருட்டில்லை, கோட்டிங்குக்குப் பெரிய விஷயம். நல்ல இடத்தில் உயர்தூய்மை வாயுவை வாங்கி, அழுத்தம் குறைந்ததும் சிலிண்டரை மாற்றிவிடுவார்கள். திங்கள்கிழமை பேட்ச் நன்றாக வந்து வெள்ளிக்கிழமை பேட்ச் மென்மையாக வந்தால் தேட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து தகைவு. உரிதலின் வேர் இதுதான். படியும் அயனிகள் ஏற்கெனவே இருக்கும் அணுக்களுக்கிடையே தங்களைத் திணித்துக்கொள்கின்றன, அதனால் படலம் பக்கவாட்டில் விரியத் துடிக்கிறது. ஏ-சி:ஹெச்சில் இந்த அமுக்கத் தகைவு 1 முதல் 3 கிகாபாஸ்கல், டி-ஏ-சியில் 10 வரைகூடப் போகும். 2 மைக்ரான் தடிப்பு, 2 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், படலத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலத்திலும் 4 நியூட்டன் விசை எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கிறது. உரிக்கத் தேவையான ஆற்றல் தகைவின் இருமடியோடும் தடிப்போடும் ஏறும். தகைவு இரட்டிப்பானால், தாங்கும் தடிப்பு கால் பங்காகச் சுருங்கும். டி-ஏ-சியைப் பெரும்பாலும் 1 மைக்ரானோடு நிறுத்துவதற்கு இதுவே காரணம். "கொஞ்சம் கனமாகப் போட்டுவிடுங்கள், நீண்ட நாள் வரும்" என்று கேட்பது இந்தப் படலத்தில் எதிர்விளைவுதான் தரும். 2 மைக்ரானில் நிற்பது 5 மைக்ரானில் தானாகவே புழு நெளிந்தாற்போல் கிளம்பி வந்துவிடலாம். அறையிலிருந்து எடுத்தபோது நன்றாக இருந்து, சில நாள் அலமாரியில் இருந்த பின் கிளம்புவதும் உண்டு. காற்றின் ஈரம் விரிசல் முனையில் புகுந்து பிணைப்பை மெல்ல அறுக்கிறது. மழைக்காலத்தில் வந்த ஜாப்பை உடனே எந்திரத்தில் ஏற்றாமல் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

இடைப்படலம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு வேதனையான பாடம் உண்டு. 1993இலிருந்து 1995 வரை, டி.எல்.சி. பூசிய டைட்டானியக் கலவை இடுப்பு மூட்டுத் தலைகள் நூறு பேருக்குச் சற்று அதிகமானோருக்குப் பொருத்தப்பட்டன. எட்டரை ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதி மூட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. கரிப்படலம் தேயவில்லை, ஊசித்துளைகள் வழியே உடல் திரவம் நுழைந்து அடியிலிருந்த ஒட்டுப் படலத்தை அரித்துவிட்டது, மேலே இருந்தது சில்லுசில்லாகப் பெயர்ந்தது. டி.எல்.சி. துருவைத் தடுக்கும் என்று விற்பவர்களிடம் இந்த ஊசித்துளைகளைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அறைச் சுவரில் முந்தைய பேட்ச்சுகளில் படிந்த கரி செதிலாக உதிர்ந்து பாகத்தின்மேல் விழுந்தாலே ஒரு துளை உருவாகிவிடும்.

எஃகுக்கு வருவோம். மென்மையான உலோகத்தின்மேல் டி.எல்.சி. போடுவது பஞ்சு மெத்தையின்மேல் கண்ணாடித் தகட்டை வைப்பது மாதிரி. புள்ளிச் சுமை வந்தால் அடியில் இருப்பது அமுங்கும், மேலே இருப்பது நொறுங்கும். சுமை தாங்கும் பாகத்துக்கு அடி எஃகு 58 எச்.ஆர்.சி.யாவது (ராக்வெல் கடின அளவு) இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் 304, அலுமினியம் போன்றவற்றுக்கு அழகுக்கும் லேசான உராய்வுக்கும் மட்டும் போடலாம். எச்13 போன்ற கருவி எஃகில் முதலில் பிளாஸ்மா நைட்ரைடிங் (பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவது) செய்து, அதன் மேலே உருவாகும் வெள்ளை அடுக்கை நீக்கிவிட்டு டி.எல்.சி. போட்டால் நன்றாக உழைக்கும்.

டெம்பரிங் வெப்பத்தை ஆர்டரில் எழுதாமல் விடுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. வழக்கமான ஏ-சி:ஹெச் பேட்ச் 180 முதல் 220 °செ வரை சூடாகும், அதுவும் பல மணி நேரம். எம்2 ஹை ஸ்பீட் ஸ்டீலுக்குக் கவலை இல்லை. அது 550 °செ ஒட்டி டெம்பர் ஆனது. 500 °செக்கு மேல் இருமுறை டெம்பர் செய்த டி2 கருவி எஃகும் அப்படியே. ஆனால் அதே டி2வை 200 °செயில் டெம்பர் செய்து அனுப்பினால், எஃகுக்குள் எஞ்சிய ஆஸ்டினைட் (கடினப்படுத்தியபோது மாறாமல் நின்ற படிக நிலை) மாறி அளவு நகரும். 160 °செயில் டெம்பர் ஆன இ.என்.31 பேரிங் எஃகு நிச்சயம் கடினம் இழக்கும். படலத்தின்மேல் பழி போடுவார்கள், குறை அடியில் இருக்கும். இத்தகைய பாகத்துக்கு 150 °செக்குக் கீழே ஓடும் முறையைக் கேட்டு வாங்க வேண்டும். டி-ஏ-சி இயல்பிலேயே குறைந்த வெப்பத்தில் படிவது. சூடு கூடினால் எஸ்பி3 குறையும் என்பதால் அவர்களே சூட்டை அடக்கித்தான் ஓட்டுவார்கள்.

பரப்பைப் பொறுத்தவரை ஆர்.ஏ. (சொரசொரப்பின் அளவு) 0.1 மைக்ரானுக்குள் வையுங்கள். ஒயர் கட், ஸ்பார்க் போன்ற மின்பொறி எந்திரங்கள் விட்டுச்சென்ற வெள்ளை அடுக்கைப் பாலிஷ் செய்தோ மைக்ரோ பிளாஸ்ட் செய்தோ முற்றிலும் எடுக்க வேண்டும். அது ஏற்கெனவே விரிசல் விட்ட தோல், டி.எல்.சி.யையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். விளிம்பில் பர் (வெட்டியபின் நிற்கும் பிசிறு) இருக்கக் கூடாது. விட்டத்தில் இரு பக்கமும் படலம் ஏறும் என்பதை மறந்து 2 மைக்ரானுக்கு மட்டும் இடம் விட்டால் பின் நுழையாது; 4 விட வேண்டும். துளைக்குள் விட்டத்தளவு ஆழம் வரைதான் ஓரளவு நம்பலாம், அதற்குள்ளே படலம் மெலிந்துபோகும்.

சோதனைகளில் மலிவானதும் நேர்மையானதும் ராக்வெல் குத்தல். அதே பேட்ச்சில் ஓடிய கடின எஃகு வில்லையில் 150 கிலோ விசையோடு எச்.ஆர்.சி. குத்திவிட்டு, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் விளிம்பைப் பார்க்க வேண்டும். வி.டி.ஐ. 3198 தரநிலைப்படி ஒட்டுதல் தரம் எச்.எஃப்.1 முதல் 4 வரை தேர்ச்சி. டி.எல்.சி.க்கு 1 அல்லது 2 கேளுங்கள். குழியைச் சுற்றி மெல்லிய ஆரக்கால் விரிசல்கள் இருந்தால் சரி, வளையமாகப் பெயர்ந்திருந்தால் திருப்பி அனுப்பலாம்.

தடிப்புக்குக் குண்டு தேய்ப்பு முறை போதும். 30 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை வைரப் பசையோடு சுழற்றினால் இரண்டு வட்டங்கள் தெரியும். வெளி விட்டம் 0.90, உள் விட்டம் 0.75 மில்லிமீட்டர் என்றால், இரண்டின் இருமடிகளின் வித்தியாசத்தை 120ஆல் (குண்டு விட்டத்தின் நான்கு மடங்கு) வகுக்க வேண்டும்: 2.06 மைக்ரான். இடைப்படலமும் தனி வளையமாகத் தெரிவதால், கேட்டது கிடைத்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சான்றிதழிலுள்ள கடினத்தன்மை எண்ணுக்கு இப்போது திரும்பலாம். 50 கிராம் விக்கர்ஸ் சுமையில் 2500 எச்.வி. என்றால் குத்திய மூலைவிட்டம் 6 மைக்ரான், ஆழம் 0.87 மைக்ரான். படலமே 2 மைக்ரான். படலத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போனால் அடி எஃகும் அந்த எண்ணில் கலந்துவிடும். 2 மைக்ரான் படலத்தை நேர்மையாக அளக்க ஐ.எஸ்.ஓ. 14577 முறையில் நானோ குத்தல் வேண்டும், சுமை 20 மில்லிநியூட்டன் அளவில். "எந்தச் சுமையில் அளந்தீர்கள்?" என்ற கேள்வியும் ஆர்டரோடு போகட்டும்.

உராய்வு விளம்பரங்களையும் சூழலோடுதான் படிக்க வேண்டும். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் அலி எர்டெமிர் குழுவினர், ஹைட்ரஜன் மிகுந்த படலத்தில் 0.001 அளவுக்கு உராய்வுக் குணகத்தை எட்டினார்கள். அது உலர் நைட்ரஜனில். சென்னைக் கடற்காற்றில் எண்ணெயின்றி ஓடும் ஏ-சி:ஹெச்சுக்கு 0.1 முதல் 0.2 என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். டி-ஏ-சி நேர்மாறு: ஈரம் இருந்தால் 0.1, வெற்றிடத்தில் 0.6ஐத் தாண்டும். எண்ணெயும் முக்கியம். நிசான் 2006இல் வால்வு லிஃப்டர்களில் ஹைட்ரஜன் இல்லாத டி.எல்.சி.யைக் கொண்டுவந்தபோது அதற்கேற்ற எஞ்சின் ஆயிலையும் சேர்த்தே உருவாக்கியது. மாறாக, உராய்வைக் குறைக்க மாலிப்டினம் டைதையோகார்பமேட் சேர்த்த ஆயிலில் எஃகோடு உரசும் ஏ-சி:ஹெச் வழக்கத்தைவிட வேகமாகத் தேயும். ஆயில் டப்பாவின் விவரத் தாளையும் கோட்டிங் தேர்வோடு சேர்த்துப் படியுங்கள்.

ஏ-சி:ஹெச்சும் டங்ஸ்டன் வகையும் 300 °செ வரை. அதற்கு மேலே ஹைட்ரஜன் வெளியேறி மெல்லக் கிராஃபைட்டாகும். எஃகு வெட்டும் கருவிக்கு எந்த வகை டி.எல்.சி.யும் வேண்டாம், வெட்டுமுனைச் சூட்டில் கார்பன் இரும்புக்குள் கரைந்துபோகும். அங்கே டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு போடுங்கள். அலுமினியம், தாமிரம், பிளாஸ்டிக் மோல்டு, உணவுப் பாக்கிங் எந்திரத்தின் வழுக்குப் பாகங்கள் போன்ற இடங்களில் டி.எல்.சி. கொடுத்த காசுக்குப் பல மடங்கு உழைக்கும்.

தேய்ந்த பின் பழைய படலத்தின்மேலேயே மறுபடி போடச் சொல்லாதீர்கள். கார்பனின்மேல் குரோமியம் பழையபடி பிடிக்காது. முதலில் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் கரியை எரித்து எடுக்க வேண்டும், பிறகு குரோமிய அடுக்கை ரசாயனத்தில் கரைக்க வேண்டும். கார்பைடு கருவியாக இருந்தால் அந்த ரசாயனம் கார்பைடு துகள்களைப் பிணைத்திருக்கும் கோபால்ட்டையும் தின்னும், முனை பொடியும். ஆகவே கார்பைடுக்கு எந்தக் கரைசல், எத்தனை நிமிடம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, உரித்த பின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்து, லேசாகப் பாலிஷ் செய்து, அளவெடுத்த பிறகே மறுபடி அறைக்குள் அனுப்பச் சொல்லுங்கள்.